கள்ளக்கால்

செல்லத்துரை அண்ணாச்சியைக் கம்பால் தொட்டவர் எங்கள் வட்டாரத்தில் எவரும் கிடையாது. வயது ஐம்பத்தெட்டு ஆகிறது. பதினாலு வயதில் சிலம்பக் கம்பைப் பிடித்தவர், அம்மன் கோயில் திருவிழாவில் கொடைக்குக் கொடை களத்தில் இறங்கியிருக்கிறார். புதூர்ப் பக்கத்திலிருந்தும் குளத்தூர்ப் பக்கத்திலிருந்தும் பெரிய ஆட்டக்காரர்கள் வந்து அவரோடு ஆடிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். அவர் மேல் ஒரு பொட்டு மாவு ஒட்டியதில்லை.

மாவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆட்டத்துக்கு முன்னால் கம்பின் நுனியை மாவில் தோய்த்துக்கொள்வார்கள். பட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த மாவு என் மில்லில் கூட்டி அள்ளுகிற தரைமாவுதான். இடைசெவலுக்குத் தெற்கே உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கு எதிரே இருக்கிற மாவு மில்லைப் பதினோரு வருஷமாக நான் ஒருத்திதான் ஓட்டுகிறேன். பெயர் பிரேமா. மிஷினோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி எனக்குத் தொண்டையும் பெரிது, வாயும் பெரிது. மில்லின் பின்கதவைத் திறந்தால் அண்ணாச்சி வீட்டு முற்றம். அங்கே தும்மினால் எனக்குக் கேட்கும்.

மாவு இருந்தாலும் அவர்கள் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டவன்தான் சொல்ல வேண்டும். வேர்வையில் மாவு கரைந்துபோகும், இருட்டில் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் பட்டவன் தானே ‘பட்டுருச்சு’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக் கம்பைத் தரையில் வைத்துவிட வேண்டும். மறைத்தவனை யாரும் ஏச மாட்டார்கள். அவனோடு அப்புறம் யாரும் ஆட மாட்டார்கள், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு அந்த வார்த்தையைச் சொல்லுகிற அவசியமே வந்ததில்லை.

நாற்பது வருஷம் கம்பு சுற்றினால் மனிதன் என்ன ஆவான் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். குடி கிடையாது, பீடி கிடையாது. கோபம் என்றால் என்ன விலை என்று கேட்பார். விடியுமுன் எழுந்து முற்றத்தில் தனியாகச் சுற்றிவிட்டு, கம்மங்கூழைக் குடித்துவிட்டுப் புஞ்சைக்குப் போய்விடுவார். இதெல்லாம் நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் பக்கத்தில் வந்தாலும் ஒரு கம்பு நீளம் தள்ளித்தான் நிற்பார். மில்லுக்கு வந்தால் வாசலோடு சரி. நாம் ஓரடி முன்னால் வைத்தால் அவர் கால் தானாக ஓரடி பின்னால் போகும். அப்புறம், யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“மூஞ்சிய வச்சு ஒண்ணும் தெரியாது பிரேமா. காலப் பாத்தா அடுத்த அடி எங்க வருதுன்னு தெரிஞ்சிரும்” என்பார்.

அவர் சம்சாரம் பூங்கொடி மதினி இதற்கு நேர்மாறு. நம் கையைப் பிடித்துக்கொண்டு, மூஞ்சிக்குப் பக்கத்தில் மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் பேசுவாள். பேச்சு பாதி, சிரிப்பு பாதி.

“ஏட்டி பிரேமா, தெருவுல கெடக்க நூறு செருப்புல என் செருப்பு எதுன்னு அவிய சொல்லிருவாவ. என் மூக்குத்தி ஒத்தக் கல்லா, ஏழு கல்லான்னு கேட்டுப் பாரு. முழிப்பாவ!” என்று மில்லே அதிரச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் சின்னதாக ஒரு மூச்சு விடுவாள். முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தூரத்திலேயே குடித்தனம் நடத்திவிட்டாள்.

போன புரட்டாசியில் வீட்டுக்குள் ஒரு சடவு. ஒரே மகன் கிருஷ்ணகுமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பேத்தி பிறந்து நாலு மாசம். ரெண்டு பேரும் வந்து இருங்கள் என்று கூப்பிட்டான். மதினிக்குப் பறக்கலாம் போல இருந்தது. அண்ணாச்சி, “உளுந்து வெதச்சாச்சு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மூன்று குறுக்கம் கரிசல் நிலம்தான் அவர்களுக்கு. மதினி என்னிடம் வந்து அழுதாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. உளுந்து முளைத்த வேகத்தில் களையும் முளைத்தது. மழை பெய்த கரிசலில் நடப்பவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஒவ்வொரு காலிலும் ஒரு சேர் மண் அப்பிக்கொள்ளும். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று குச்சியால் சுரண்டிப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். அப்படி ஒரு நாள் மத்தியானம் களையெடுத்துவிட்டு, சோளம் திரிக்க மில்லுக்குள் வந்தாள் மதினி. மழைக்கு ஒதுங்கிய பத்துப் பேர் உள்ளே நின்றார்கள்.

“பிரேமா, இடது காலு என்னமோ எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்குட்டி. செருப்பு கழண்டு சேத்துல கெடக்கு, கழண்டது கூடத் தெரியல. நாலு எட்டு தள்ளி வந்துதான் பாக்கேன்.”

“மண்ணு இழுக்குது மதினி” என்றேன் நான், மிஷின் கொப்பரையில் சோளத்தைக் கொட்டிக்கொண்டே.

வாசலில், வழக்கமான தூரத்தில் நின்ற அண்ணாச்சி அவள் காலைப் பார்த்தார். “கள்ளக்கால்” என்றார்.

கள்ளக்கால் என்றால் ஆட்டத்தில் எதிராளி காலில் அடிபட்டவன் மாதிரி நொண்டுவது. நாம் அசந்தால் அந்தக் காலை ஊன்றியே பாய்ந்து அடிப்பான். முன்னே ஒரு கொடையில் புதூர்க்காரர் ஒருவர் அப்படித்தான் நொண்டினார். ஊரே ‘ஐயோ’ என்று இரங்கியபோது அண்ணாச்சி மட்டும் நம்பாமல் நின்று அவரைத் தொட்டார். எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்லுகிற ஆட்டம் அது. அதற்கப்புறம் நொண்டுகிற எந்தக் காலையும் அவர் நம்பினதில்லை.

“திருப்பூருக்குப் போவ வழி பாக்கா. கள்ளக்கால் போடுதா” என்றார்.

எப்போதும் பேசாத மனுஷன் கேலி பேசிவிட்டார் என்று மில்லே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தொண்டைக்கு என் சிரிப்புதான் எல்லாருக்கும் மேலே கேட்டிருக்கும். மதினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணிப் போயிருந்ததா என்று இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நான் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் அவள் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பொழிக்கரையில், புஞ்சை வரப்பில், மதினி விழுந்தாள். ஆம்புலன்ஸில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மில்லைப் பூட்டிவிட்டு நானும் கூடவே போனேன். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, இடது கையும் காலும் விழுந்துவிட்டது என்றார்கள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி அண்ணாச்சியிடம் கேட்டாள்.

“ரெண்டு மூணு நாள் முன்னாடியே கால் இழுத்திருக்குமே ஐயா. வாய் கொஞ்சம் கோணியிருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா?”

அண்ணாச்சி அந்தப் பிள்ளையின் செருப்பைப் பார்த்தார். “இல்லம்மா. ஒண்ணும் தெரியல.”

நூறு செருப்பில் ஒரு செருப்பைச் சொல்லுகிற மனுஷனுக்கா தெரியாது? கட்டிலில் மதினி கண்ணை விழித்துத்தான் கிடந்தாள். அந்தப் பதில் அவள் காதிலும் விழுந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். மதினிக்குப் பேச்சு குழறியது, ஆனாலும் புரியும். என்னிடம் பேசினாள். போனில் மகனிடம் பேசினாள். அண்ணாச்சியிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அவர் கஞ்சி காய்ச்சினார், துணி துவைத்தார், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. டம்ளரை அவள் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு ஒரு கம்பு தூரம் போய் நின்றுகொள்வார். அவள் குடித்து முடித்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவார். நான் பின்கதவில் நின்று பார்ப்பேன். ஆள் இல்லாத வீடு கூட இவ்வளவு வெறிச்சென்று இருக்காது.

என் பங்குக்கு நான் முதல் வாரமே அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். “மதினி, அன்னைக்கு நானும்தான் சிரிச்சேன். என்னைய நாலு ஏச்சு ஏசிருங்க” என்றேன். வலது கையால் என் கன்னத்தைக் கிள்ளி, “போட்டி, கிறுக்கி” என்றாள். அத்தோடு என் பாரம் இறங்கிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்கிற ஒரு வார்த்தைதான் அந்த மனுஷிக்கு வேண்டியிருந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் விஜி என்கிற பிசியோதெரபி பிள்ளை அரசாங்க வண்டியில் வீட்டுக்கே வரும். முதல் தடவையே அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டது.

“மூணு மாசம்தான் முக்கியம் ஐயா. இதுக்குள்ள நடக்க வச்சாத்தான் உண்டு. விட்டா கட்டிலோட கட்டிலா ஆயிருவாங்க. நீங்க பக்கத்துல நின்னு இடுப்பச் சுத்திப் புடிச்சு தினமும் நடத்தணும். சரியா?”

“சரிம்மா.”

நெற்றி உயரச் சிலம்பக் கம்பை அவளுக்கு ஊன்றுகோலாகக் கொடுத்தார். அதோடு அவர் கம்பு சுற்றுவதும் நின்றது. மறுநாள் காலையில் முற்றத்தில் நான் ஒரு பக்கம் பிடிக்க, மதினி வலது கையில் கம்பை ஊன்றி எழுந்து நின்றாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். எதிரே அண்ணாச்சி நின்றார். மதினிக்கு என்ன தோன்றியதோ, கம்பை விட்டுவிட்டு அவரைப் பிடிக்கக் கையை நீட்டிச் சாய்ந்தாள்.

அவர் கால் பின்னால் போய்விட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. சாமி சத்தியமாகச் சொல்வேன், அவர் செய்யவில்லை, அவர் கால் செய்தது. நீண்டு வருகிற கையைக் கண்டால் பின்னால் போ என்று நாற்பது வருஷம் பழக்கி வைத்த கால். மதினி என் பிடியிலிருந்து நழுவிக் குப்புற விழுந்தாள். மூக்கில் ரத்தம் வந்தது. அவர் அசையாமல் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார், யாரோ அந்நியன் காலைப் பார்ப்பது போல.

அதற்கப்புறம் மதினி எழுந்து நிற்கவே மாட்டேன் என்றுவிட்டாள். நான் கெஞ்சினேன், விஜி அதட்டியது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கார்த்திகை போயிற்று. மார்கழியில் பாதி போயிற்று. “ரெண்டு மாசம் முடியப் போகுதுக்கா. எனக்குப் பயமா இருக்கு” என்று விஜி என்னிடம் வந்து சொன்னது. கிருஷ்ணகுமாருக்கும் போன் போட்டுவிட்டது. அவன் கார் எடுத்து வந்து அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் புஞ்சையிலிருந்து வரும்போது பின்கதவில் வழி மறித்தேன்.

“அண்ணாச்சி, நில்லுங்க. உங்க களத்துல பட்டவன்தான சொல்லணும்?”

“ஆமா.”

“அப்ப டாக்டரம்மாட்ட ஏன் சொல்லல?”

அவர் என் காலைப் பார்த்தார். நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். “கால் என்னத்தச் சொல்லும்? என்னையப் பாத்துச் சொல்லுங்க.”

“சொன்னா விழுந்த காலு வந்திருமா பிரேமா?”

“வராது. மதினி பேச்சு வரும்லா?”

தன் கையைப் பார்த்தார். கையில் களையெடுத்த அழுக்கு. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“மொத நாளு மத்தியானமே பொழியில அவ காலடிய பாத்தேன். இடது பெருவிரலு மண்ணக் கீறிக்கிட்டே போயிருக்கு. கள்ளக்கால்ல விரலு கீறாது பிரேமா. ஊணுத காலு அது, அழுந்தி இருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அங்கன நின்னேன். ஆனா வந்து உங்க முன்னால அப்படிச் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சிய. சொன்னத மாத்த மனசு வரல. நாளைக்கு பாப்போம், நாளைக்கு பாப்போம்னு மூணு நாளு.” “என்னைய யாரும் தொட்டதில்லன்னு ஊரே சொல்லிட்டிருக்கு. அத வச்சுத்தான் நான் நடமாடுதேன்.”

திட்டத்தான் வந்தேன். அவர் நின்ற நிற்பைப் பார்த்து என் பெரிய வாயும் அடைத்துப் போயிற்று.

“என்கிட்ட சொல்லி என்ன செய்ய? நானா விழுந்தேன்?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகுமார் காரோடு வந்தான். உளுந்து பழுத்து நின்றது, வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. வழியனுப்பத் தெருச்சனம் முற்றத்தில் கூடிவிட்டது. மதினியை மகன் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவள் மாட்டேன் என்று தலையாட்டி, என்னைப் பிடித்து எழுந்தாள். கம்பைக் கேட்டாள். வலது கையில் கம்பை ஊன்றி, நானும் பிடிக்க, முற்றத்தில் வந்து நின்றாள். என்னை விடு என்று முழங்கையால் இடித்தாள். பயந்துகொண்டே விட்டேன்.

“அப்பா, ஒரு பக்கம் புடிங்கப்பா” என்றான் மகன்.

அண்ணாச்சி ஓரடி முன்னால் வந்தார். ஒரு கம்பு தூரம் வந்ததும் நின்றுவிட்டார்.

மதினி ஊன்றியிருந்த கம்பைத் தூக்கினாள்.

அது அடியா? நடுங்கி நடுங்கி, காற்றில் ஆடி ஆடி வருகிறது கம்பு. தவழுகிற பிள்ளை கூட விலகிப் போய்விடலாம். நான் அண்ணாச்சியின் காலைப் பார்த்தேன். வலது குதிகால் தரையை விட்டு எழுந்துவிட்டது. ‘போச்சு, மறுபடியும் போகப் போகிறார்’ என்று நினைத்தேன். குதிகால் அப்படியே நின்றது. அப்புறம், யாரோ தோளைப் பிடித்து அமுக்கின மாதிரி, மெல்லக் கீழே இறங்கி மண்ணில் பதிந்தது.

கம்பு அவர் நெஞ்சில் வந்து தொட்டது.

நுனியில் மாவு இல்லை. சட்டையில் ஒரு அடையாளமும் இல்லை. அவர் சொன்னால்தான் உண்டு.

“பட்டுருச்சு” என்றார், உதட்டுக்குள்.

“கேக்கல” என்றாள் மதினி. இரண்டு மாசத்துக்கு மேலாகி அவரிடம் அவள் பேசின முதல் வார்த்தை அது.

“பட்டுருச்சு!”

மூலையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அவர் அதோடு நிறுத்தவில்லை. “கால் இழுத்தது எனக்குத் தெரியும்டா கிருஷ்ணா. மொத நாளே தெரியும். கள்ளக்கால்னு சொல்லி உங்கம்மையப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சேன். டாக்டரம்மா கேட்டதுக்கு தெரியாதுன்னு பொய் சொன்னேன்.” வைப்பதற்குக் கையில் கம்பு இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து வெறுங்கையைத் தரையில் வைத்தார்.

கிருஷ்ணகுமாரின் முகம் கறுத்துப்போனது. “என்னப்பா இது? என்னப்பா சொல்லுதீங்க?” என்றான். பையைத் தூக்கிக் காருக்குள் வீசிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்லோரும் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் முதலில் உறைத்தது.

“மதினி! கம்ப ஊணாம நிக்கீங்க!”

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதும் அவளுக்கு உடம்பு ஆடிவிட்டது. அண்ணாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து பாய்ந்தார். அந்த ஒரு கம்பு தூரத்தை எப்படிக் கடந்தார் என்று யாருக்கும் தெரியாது, அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தார். மதினி முழுப் பாரத்தையும் அவர் மேல் சாய்த்துவிட்டாள். அப்படியே கார் வரைக்கும் நடந்தார்கள். இடது கால் கீறிக்கொண்டேதான் வந்தது, ஆனாலும் வந்தது.

“போவணுமா பூங்கொடி?” என்று கேட்டார்.

“போறேன்.” வார்த்தையைக் கோர்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. “கோவம் இருக்கு. இன்னும் இருக்கு. கால் வரட்டும். நடந்து வாரேன்.”

கம்பை அவள் விடவில்லை. காரின் முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு போனாள். கார் விலக்கில் திரும்புகிற வரைக்கும் அண்ணாச்சி முற்றத்தில் நின்றார். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பு எரியவில்லை. நான் கொண்டுபோன சோறு மூடினபடி இருந்தது.

தையில் உளுந்து அறுத்தார். ஒற்றை ஆளாக அடித்துத் தூற்றினார். விடிகாலையில் முற்றத்தில் கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம் இல்லாமல் எனக்கே தூக்கம் கெட்டுவிட்டது. விளக்குமாறு கூட்டுகிற சத்தம்தான் கேட்கும். தினமும் கூட்டுவார். மறுநாள் அதில் ஒரு ஆளின் காலடிதான் கிடக்கும்.

போன வாரம் திரிப்பதற்கு ஒரு படி கம்புத் தானியத்தைத் துணிப்பையில் கொண்டுவந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, கொப்பரைக்குப் பக்கத்தில், என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். மாவு பறந்து அவர் சட்டையெல்லாம் வெள்ளையாயிற்று. தட்டிவிடவில்லை.

“திருப்பூருக்குப் போட்டுத் தாரியா பிரேமா?” என்றார். அவரிடம் இருப்பது பட்டன் போன். என் போனில்தான் படம் தெரியும்.

போட்டேன். கிருஷ்ணகுமார் எடுத்தான். இன்னும் அவரிடம் பேசுவதில்லை. “அத்தை, அப்பாவுக்கு அம்மா நடக்கறத காட்டுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனைக் கீழே இறக்கினான். அவருக்கு எது வேண்டும் என்று மகனுக்குத் தெரியாதா? நீளமான வராந்தா, சிமெண்டுத் தரை. அதில் ஒரு கம்பு ஊன்றி ஊன்றி வருகிறது. கூடவே மதினியின் கால். வலது நன்றாக வைக்கிறது. இடது கொஞ்சம் வீசி வைக்கிறது, ஆனால் விரல் கீறவில்லை.

அண்ணாச்சி நாலு எட்டு வரைக்கும் பார்த்தார்.

“போதும். காலு வேண்டாம்” என்றார். “மூஞ்சியக் காட்டச் சொல்லு.”

கரண்ட் போனால் தவிர நடுவில் நிறுத்தாத மிஷினை நான் நிறுத்தினேன். மில்லுக்குள் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. போனில் வானம் ஆடியது, சுவர் ஆடியது, அப்புறம் மதினி வந்தாள். மெலிந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இறங்கித்தான் இருந்தது. அண்ணாச்சி போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனார். உதடு அசைந்தது. ஒவ்வொன்றாக என்னவோ எண்ணினார்.

“ஏழு கல்லு” என்றார்.